இடாப்பில் இருந்த பிள்ளை

என் மகளை நாலாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தால் மறித்தவள் நான்தான். இதைச் சொன்னவுடன் கேட்கிறவர்கள் காரணம் தேடத் தொடங்கிவிடுவார்கள். வீட்டில் கஷ்டமோ, பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ, பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்ற எண்ணமோ என்று துருவுவார்கள். ஒன்றும் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. பிள்ளையை வீட்டில் வைத்து நானே படிப்பித்தேன். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன், குரலைத் தாழ்த்தாமல் சொல்வேன்.

பள்ளிக்கூடத்தைத் தெரியாதவள் பேசுகிற பேச்சும் இல்லை இது. நான் படித்த காலம் முழுக்க வகுப்பில் முதலாம் பிள்ளை. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையை ஒழுங்கையில் கண்டால் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்கள், எத்தினையாம் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். நான் தலை நிமிர்ந்து முதலாம் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு போவேன். விடைகளைப் பக்க எண்ணோடு ஒப்புவிப்பேன். உயர்தரத்தில் தாவரவியல் படித்தேன், தண்டின் குறுக்குவெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன், ஆனால் எங்கள் வளவில் நின்ற பத்து மரத்துக்கு எனக்குப் பெயர் தெரியாது. கொஞ்சப் புள்ளியால் பல்கலைக்கழகத்துக்கு எடுபடவில்லை. அதோடு எத்தினையாம் பிள்ளை என்று கேட்ட சனம் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனது. பன்னிரண்டு வருடம் எனக்குப் பக்கத்தில் இருந்து படித்தவளின் முகம் இப்போது எனக்கு நினைவில் இல்லை. அவள் கணக்கில் எடுத்த புள்ளிகள் நினைவில் இருக்கின்றன. இதுதான் எனக்குக் கிடைத்த படிப்பு.

கலியாணம் கட்டி பண்டத்தரிப்புக்குக் கிட்ட ஒரு ஊருக்கு வந்தேன். கணவருக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர் வேலை. எண்பத்து மூன்றில் மகளுக்கு நாலு வயது. அந்த வருட விஜயதசமிக்கு ஏடு தொடக்கினோம். தாம்பாளத்து அரிசியில் முதல் எழுத்தை எழுதிவிட்டு, மிச்ச அரிசியில் ஒரு காகத்தைக் கீறிவைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தோம். நாலு வருடம் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

எண்பத்தேழில், நாலாம் ஆண்டில், 'எங்கள் வீட்டுப் பசு' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு ரீச்சர் பத்து வசனத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பார்த்தெழுதிப் பாடமாக்கி வரச் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு, அதற்கு நாலு கால்கள் உண்டு, அது காலையும் மாலையும் பால் தரும். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற அதே பசு. என் மகள், எங்கள் வீட்டில் பசு இல்லை, ஆடுதான் இருக்கிறது என்று தொடங்கியிருக்கிறாள். அம்மா தொட்டால் மட்டும் பால் விடும், ஐயா தொட்டால் உதைக்கும், குண்டு போட ஹெலி வந்தால் எங்களுக்கு முதல் பங்கர்க் குழிக்குள் இறங்கிவிடும், பிறகு வெளியில் வரப் பஞ்சிப்பட்டு அங்கேயே படுத்துக்கிடக்கும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை நாலோ ஐந்தோ இருந்தது. மற்றபடி எங்கள் ஆடு அந்தக் கொப்பியில் உயிரோடு நின்றது.

ரீச்சர் சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்து, தலைப்புப் பசு என்று எழுதி, பூச்சியம் போட்டு, பிள்ளையை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தியிருந்தார். பள்ளிக்கூடம் விடுகிற மணி அடிக்கும்வரை நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அழவில்லை. காலைக் கழுவிவிட்டு வந்து என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா, எங்களிட்டைப் பசு இருக்கெண்டு எழுதினால் அது பொய்யல்லோ?"

நான் ரீச்சரின் வீட்டுக்கே போனேன். ரீச்சர் அடுத்த ஒழுங்கைதான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் சண்டைக்கு வரவில்லை. புலமைப்பரிசில் சோதினைக்குப் பசுதான் வரும் என்றார். பிள்ளை நல்லாய் எழுதியிருக்கிறாள், அது தனக்கும் தெரியும், ஆனால் அப்படி எழுதிப் பழகினால் சோதினையில் ஆர் புள்ளி போடுவது என்றார். எங்களிட்டைப் பசு இல்லையே என்றேன். அதுக்கென்ன தங்கச்சி, இருக்கெண்டு எழுதினால் காணும் என்றார். மனதில் கள்ளம் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, தேத்தண்ணிக்குச் சீனி காணுமா என்று கேட்கிறமாதிரிச் சொன்னார். எனக்கு உச்சிவரைக்கும் ஏறிவிட்டது. நாளையில் இருந்து பிள்ளை வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபத்தில் சொல்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

நான் கோபத்தில் சொன்னதைச் செய்கிற ஆள்.

பிறகு வாய் உள்ளவர்கள் எல்லாரும் வந்து சொல்லிப் பார்த்தார்கள். என் மாமியார் விரதம் இருந்து பார்த்தார். சங்கக்கடைக்கு மா வாங்க வருகிறவர்கள் கணவரிடம், உம்முடைய மனுசிக்கு விசரே என்று நேரிலேயே கேட்டார்கள். அவர் சாமானை நிறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பிள்ளை காட்டுப் பிள்ளையாகப் போகும், நாலு பேரோடு பழகத் தெரியாமல் போகும், கலியாணம் பேசி வருகிறவனுக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று என்னிடம் கேட்டார்கள். கலியாணம் பேசி வருகிறவன் பசுவைப் பற்றிக் கேட்டால் நீங்களே சொல்லுங்கோ என்று அனுப்பினேன். என்னை ஊரில் வாய்க்காறி என்பார்கள். அதில் ஒரு வசதியும் இருந்தது, பாதிப் பேர் வரவே பயந்தார்கள்.

வீட்டில் படிப்பு எப்படி நடந்தது என்று கேட்டால், அழகாக நடந்தது என்று பொய் சொல்லமாட்டேன். எனக்குப் பொறுமை இல்லை. பின்னம் விளங்காமல் அவள் மூன்றாம் முறையும் அதையே கேட்ட அன்று சிலேற்றைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். அவள் போய் எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வந்து, சட்டம் உடையவில்லை, நாலாம் முறையும் சொல்லுங்கோ என்றாள். கொப்பி கிடைக்காத காலம். கணவர் சங்கக்கடையில் இருந்து ஒரு பக்கம் எழுதின பழைய பில் புத்தகங்களைக் கொண்டு வருவார், மற்றப் பக்கத்தில் அவள் எழுதினாள். வாசிகசாலைக்குப் போய்ப் பேப்பரை முதல் வரியில் இருந்து கடைசி விளம்பரம்வரை வாசித்துவிட்டு வந்து, எழுதினவன் எந்த இடத்தில் சமாளித்திருக்கிறான் என்று எனக்குக் காட்டுவாள். வெங்காயத்தை வெட்டி உரித்து மெழுகுதிரி வெளிச்சத்துக்குப் பிடித்துத் தோலைப் பார்ப்போம். வளவில் நின்ற மரங்களின் பெயர்களை நானும் அவளும் ஒன்றாகத்தான் படித்தோம். குண்டுக்குப் பயந்து பள்ளிக்கூடங்கள் பூட்டிக்கிடந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு நாளும் படிப்பு நிற்கவில்லை. அதை நான் ஒழுங்கையில் நின்று சத்தமாகவே சொன்னேன்.

எத்தினையாம் பிள்ளை என்று கேட்டவர்களுக்கு, எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைதான், முதலாமும் அதுதான் கடைசியும் அதுதான் என்றேன்.

ஒவ்வொரு தை மாதமும் ஒரு காரியம் தவறாமல் நடந்தது. அடுத்த ஒழுங்கை ரீச்சர் சைக்கிளில் வந்து படலையடியில் இறங்குவார். உள்ளே வரமாட்டார். அந்த வருடத்து இலவசப் பாடப்புத்தகங்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து, இது பிள்ளையின்ரை பங்கு என்று தந்துவிட்டுப் போய்விடுவார். முதல் வருடம் வேண்டாம் என்று சொல்ல வாய் உன்னியது, மகள் அதற்கு முன் கையை நீட்டி வாங்கிவிட்டாள். வாங்கில் ஏற்றி நிறுத்தினதற்கு மனச்சாட்சி குத்துகிறதாக்கும், குத்தட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைக்குப் புத்தகம், எனக்கு வெற்றி என்று ஏழு வருடம் அந்தக் கட்டுகளை வாங்கிவைத்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கிறவள், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குப் பங்கு எங்கிருந்து வருகிறது என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. மத்தியானம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு மகள் படலையில் நிற்பாள். கையில் கொக்கத்தடி இருக்கும், ஆட்டுக்குக் குழை வெட்டுகிறாள் என்று நினைப்பேன். வெள்ளைச் சட்டைப் பெட்டைகள் கூட்டமாக வந்து அவளோடு ஏதோ கதைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். என்னைக் கண்டால் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள்.

தொண்ணூற்று நான்கில் மகளுக்குப் பதினோராம் ஆண்டு முடிவில் வருகிற ஓ.எல் சோதினை எழுதுகிற வயது வந்தது. சோதினையை நான் மதிக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தாவரவியல் மேலே படிக்க ஆசை, என்னைப் போலக் கீறுவதற்கு அல்ல, உண்மையாகவே ஆசை. ஓ.எல் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. அதனால் பள்ளிக்கூடம் சாராமல் பிறைவேற்றாக எழுதட்டும் என்று முடிவு செய்தோம். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு ஒப்பத்துக்கு எங்கள் ஊர் அலுவலர் விதானையாரிடம் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம் வேண்டும், அது இல்லாமல் தான் ஒப்பம் வைக்கமாட்டேன் என்றார். முடிவு திகதிக்கு அன்றைக்கு நாலு நாள் இருந்தது.

ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தேன். அதிபர் புதியவர் இல்லை, பழைய மனிசர்தான், இன்னும் கொஞ்சம் கூனியிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். எண்பத்தேழில் நாலாம் ஆண்டோடு விலகின பிள்ளை என்று ஒரு பத்திரம் எழுதித் தந்தால் போதும், நான் போய்விடுவேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழும்பிக் கதவைச் சாத்தினார். அலுமாரியைத் திறந்து ஒரு வரவு இடாப்பை எடுத்து விரித்து என் பக்கம் திருப்பிவைத்தார்.

பதினோராம் ஆண்டு இடாப்பு. பதினேழாம் இலக்கத்தில் என் மகளின் பெயர். பெயருக்கு நேரே, போன வெள்ளிக்கிழமைவரை, ஒரு நாள் பிசகாமல் வரவுக் கோடு. அதற்குக் கீழே அவர் புள்ளித்தாளையும் வைத்தார். தவணைச் சோதினை எழுதின இருபத்து மூன்று பிள்ளைகளில் என் மகள் பதினோராம் பிள்ளை. தமிழ் நாற்பத்தெட்டு.

எனக்கு வந்த முதல் கோபம் எதற்கு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லத்தான் வேண்டும்.

"என்ரை பிள்ளைக்குத் தமிழுக்கு நாப்பத்தெட்டோ?" என்று கேட்டேன்.

அதிபர் தலையைக் குனிந்துகொண்டு, கூடப் போட்டால் பரிசுக்குக் கூப்பிட வேண்டி வரும், குறைத்தால் பெற்றோரைக் கூப்பிட வேண்டி வரும், அதனால் நடுவில் போடுகிறவை என்று விளக்கினார். நடந்தது இதுதான். எண்பத்தேழில் ஊரில் சனம் குறைந்துகொண்டு போனது. நாலாம் ஆண்டில் இன்னும் ஒரு பிள்ளை குறைந்தால் வகுப்பை மற்ற வகுப்போடு சேர்த்துவிடுவார்கள், ஒரு ஆசிரியரை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றம் ரீச்சருக்குத்தான் வந்திருக்கும். ரீச்சரின் தாய் அப்போது பாயோடு கிடந்தார். எப்படியும் நான் கோபம் ஆறிப் பிள்ளையை அனுப்புவேன் என்று ஒரு மாதம் பார்த்தார்களாம், பெயரை வெட்டவில்லை. பிறகு வெட்டினால் அந்த ஒரு மாதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒரு வருடம் போனது, பிறகு ஒவ்வொரு வருடமும் வகுப்பேற்றினார்கள். ஆசிரியர் பற்றாக்குறையால் ரீச்சரும் அந்த வகுப்போடேயே மேலே வந்து, பதினோராம் ஆண்டுக்கும் வகுப்பாசிரியராக இருந்தார். பாடப்புத்தகம் பெயருக்கு வரும்தானே, அதை அவர் வைத்துக்கொள்ள மனமில்லாமல் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து தந்திருக்கிறார்.

ரீச்சரின் மனச்சாட்சி என்று நான் நினைத்தது, இடாப்புக் கணக்கு.

நான் சும்மா வரவில்லை, நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். இல்லாத பசுவை இருக்கெண்டு எழுதச் சொன்னியள், பிள்ளை எழுதேல்லை, இப்ப இல்லாத பிள்ளையை இருக்கெண்டு நீங்களே எழுதி வைச்சிருக்கிறியள் என்றேன். அதிபருக்கு அந்தப் பசுக்கதை மறந்துபோயிருந்தது, முழித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்கள் சொல்லுறபடி எண்பத்தேழிலை விலகினதெண்டு எழுதினால், நானும் ரீச்சரும் வீட்டை போகவேணும். பிள்ளை பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகவே எழுதட்டும். விடுகைப் பத்திரமும் தேவையில்லை, விதானையாரும் தேவையில்லை. நான் ஒப்பம் வைச்சு அனுப்பிறன்."

பிள்ளை எடுக்கப்போகிற பெறுபேறும் உங்கள் பள்ளிக்கூடத்துக்கோ என்று கேட்டேன். அவர் இடாப்பை மூடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அதுதான் பதில்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்குள் ஒரே கொதிப்பு. ஏழு வருடம் மண்ணெண்ணெய் இல்லாத வீட்டில் தேங்காயெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு தொண்டை வற்றப் படிப்பித்தது நான். வரவு போட்டது அவர்கள். இப்போது என் பிள்ளை அவர்கள் கணக்கில் போய்ச் சோதினை எழுத வேண்டுமாம். கண்டறியாத பள்ளிக்கூடம். கல்விக் கந்தோருக்கே கடிதம் எழுதுவேன், உண்மையைச் சொல்லிப் பிறைவேற்றாகவே எழுத வைப்பேன், முடியாவிட்டால் அடுத்த வருடம் எழுதட்டும் என்று முடிவெடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். கணவர் சாப்பிட வந்திருந்தார். மகள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். பழைய ஆட்டின் பேத்தி அது, அதே கொழுப்பு. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

கணவர் கையைக் கழுவிவிட்டு, தனக்குச் சாடையாகத் தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்று பாய்ந்தேன்.

"சொன்னால் நீர் விட்டிருப்பீரோ?" என்றார்.

மகள் குழைக்கட்டை இறுக்கிக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கும் தெரியும், அம்மா," என்றாள். "அஞ்சாம் ஆண்டிலேயே தெரியும். ரீச்சர் பதினேழு எண்டு வரேக்கை என்ரை முழுப்பேரையும் கூப்பிடுவவாம். பெட்டையள் முறை வைச்சு எனக்காக வரவு சொல்லுகினம். இண்டைக்கு ஆர் சொன்னது எண்டு பள்ளிக்கூடம் விட்டு வரேக்கை எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போவினம்."

படலைச் சிரிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரில் தெரியாத ஒருத்தி நான்தான். எனக்கு ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.

"நான் இல்லாத இடத்திலை ஒவ்வொரு நாளும் என்ரை பேரைக் கூப்பிடுகினம் எண்டு எனக்கு ஆசையாய் இருந்தது. உங்களுக்குத் தெரிஞ்சால் நிப்பாட்டிப் போடுவியள்."

வீட்டிலை உனக்கு என்ன குறை வைச்சனான் என்றேன். ஒரு குறையும் இல்லை என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"வீட்டிலை நான் பிள்ளை. அங்கைதான் எனக்குப் பேர் இருக்கு."

எங்கள் வீடுகளில் பிள்ளையைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு நல்ல பெயர், நாள் நட்சத்திரம் பார்த்து, ஒரு கிழமை சண்டைபிடித்து நானே வைத்த பெயர். அதைச் சொல்லி நான் கடைசியாக எப்போது கூப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

அழுகை வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் இல்லை. கல்விக் கந்தோருக்கு எழுதுகிறது எழுதுகிறதுதான் என்றேன். அவள் குழைக்கட்டைத் தூக்கி ஆட்டுக்கு முன்னால் தொங்கவிட்டாள்.

"சோதினை எழுதிறது நான். நீங்கள் எழுதப் பாக்கிறது வழக்கு. ரீச்சரை வீட்டுக்கு அனுப்பிப்போட்டு எனக்கு ஒரு சோதினையும் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாய் எழுதிறன். ஆனால் சும்மா எழுதமாட்டன். நாளையிலை இருந்து நானே போய் இருந்துபோட்டு எழுதிறன். இனி ஒருத்தரும் எனக்காக வரவு சொல்லவேண்டாம்."

என் முகத்தைப் பார்த்து, கண்ணை எடுக்காமல் சொன்னாள். என்னுடைய வாய் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. ஏழு வருடம் பசு இல்லை என்றால் இல்லை என்று சொல்லப் பழக்கினது நான். இப்போது எனக்கே அதைச் சொல்லும்போது வாயைப் பொத்து என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? கணவர் தன் வெள்ளை வேட்டிகளில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து தையல் மெசினில் வைத்தார். அன்று பின்னேரம் முழுக்க இருந்து அதை வெட்டிச் சட்டை தைத்தேன். கழுத்துப் பட்டியை இரண்டு தரம் பிழையாகத் தைத்துப் பிரித்தேன்.

அடுத்த நாள் காலையில் நான் பின்னால் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்து வேலியோரத்தில் நல்ல பூவரசங் குழை நின்றது, ஆட்டுக்கு வேண்டாமா? பதினோராம் ஆண்டு, அரைச்சுவர் வைத்த கொட்டில் வகுப்பு. ரீச்சர் பெயர் கூப்பிடுவது வேலிக்கு வெளியில் தெளிவாகக் கேட்டது. பதினாறு முடிந்தது. பிறகு தகப்பன் பெயரையும் சேர்த்து என் மகளின் முழுப்பெயர். அந்தப் பெயரை வேறு ஒருவர் வாயால் அவ்வளவு முழுசாக நான் முதல் தரம் கேட்டேன்.

"வரவு ரீச்சர்," என்று இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது. அன்றைக்கு முறை வந்த பெட்டை பழக்கத்தில் சொல்லிவிட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று இருந்துவிட்டு என் மகள் சொன்னாள்.

"நான் வந்திருக்கிறன், ரீச்சர்."

ரீச்சர் பதினெட்டாம் இலக்கத்தைக் கூப்பிட்டார். நான் குழை வெட்டாமல் வெறும் தடியோடு வீட்டுக்கு வந்தேன்.

சோதினைக்கு இருந்த ஐந்து மாதமும் ஒரு நாள் விடாமல் போனாள். மார்கழியில் எழுதினாள். அடுத்த வருடம் பெறுபேறு வந்தபோது தமிழுக்கு டீ, அதிவிசேட சித்தி. ஆட்டைப் பற்றியா எழுதினாள் என்று என்னைக் கேட்கவேண்டாம், நானும் கேட்டுப் பார்த்தேன், சொல்லவில்லை. பள்ளிக்கூடம் அந்த டீயைத் தன் கணக்கில் போட்டு, வாசல் பலகையில் அவள் பெயரை வெள்ளைக்கட்டியால் பெரிதாக எழுதி வைத்தது. போய் அழித்துவிட்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டேன். மகள் ஒரு பார்வை பார்த்தாள். கதிரையில் இருந்துவிட்டேன்.

என் எண்ணம் மாறிவிட்டது என்று யாரும் சந்தோசப்பட வேண்டாம். பிள்ளைகளை வரிசையில் வைத்து எண்ணுகிற இடத்தை நான் இன்றைக்கும் நம்பமாட்டேன். பாடமாக்கின பத்து வசனம் படிப்பு இல்லை, எத்தினையாம் பிள்ளை என்பது கேள்வியும் இல்லை. இன்னொரு பிள்ளை இருந்திருந்தால் அதையும் வீட்டில் வைத்துத்தான் படிப்பித்திருப்பேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் என் மகளுக்கு ஏழு வருடம், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு நல்ல காரியம் செய்தது, அதைப் பொய்யாகச் செய்தது, உண்மையாகச் செய்யவேண்டிய நான் அதை ஒரு நாளும் செய்யவில்லை. இதையும் குரலைத் தாழ்த்தாமல்தான் சொல்கிறேன்.

அந்த முதல் நாள் அவள் பள்ளிக்கூடத்தால் வந்து சட்டையை மாற்றிவிட்டு, நேரே ஆட்டடிக்குப் போனாள். என்ன படிப்பித்தார்கள் என்று கேட்டேன். ஒண்டும் இல்லை, கட்டுரை ஒண்டு பாத்தெழுதச் சொன்னவை என்றாள். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். குசினி வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டேன். பிள்ளை என்று அல்ல, தகப்பன் பெயரையும் சேர்த்து, ரீச்சர் கூப்பிட்டதைப் போலவே முழுப்பெயரைச் சொல்லி. பழக்கம் இல்லாத நாக்கு நடுவில் ஒரு தரம் இடறியது. அவள் திரும்பவில்லை. ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, வகுப்பில் சொன்ன அதே குரலில், "வரவு" என்றாள்.